எல்லோருக்கும் ஒரே கோட்டு

"அண்ணே, கோட்டை மாட்டுங்கண்ணே! நீங்க போடாம நாங்க மட்டும் போட்டுக்கிட்டு மேடையேறினா நல்லாவா இருக்கும்?"

மேடைக்குப் பின்னால் கோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றார் தையல்காரர். கையில்லாத ஆரஞ்சு நிறக் கோட்டு, முதுகில் வெள்ளிப் பட்டை. கால்வாய்க் குழுவில் எல்லோரும் மாட்டிக்கொண்டாயிற்று. பாக்கி, சோபாக்காரர் ஒருவர்தான். பழைய சோபாவைப் பிரித்து, புதுப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுக்கிற கடை அவருடையது.

"எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நான் இப்படியே பின் வாசல் வழியா..."

"நல்லா இருக்கே கதை! கால்வாயைச் சுத்தம் பண்ணதுக்காக நகராட்சியே கூப்பிட்டுப் பரிசு குடுக்குது. ஆரம்பிச்சு வச்ச ஆளு வீட்டுக்குப் போறாராம்!" தையல்காரர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "முதல்ல இவரு தன்னந்தனியா இறங்கினப்போ எப்படி வந்தாரு தெரியுமா? இதே மாதிரி கோட்டு. மூஞ்சி முழுக்கத் துண்டு. விளம்பரம் பிடிக்காதாம்! நடையை வச்சுத்தான் நானே கண்டுபிடிச்சேன்."

"தூசி ஒத்துக்காதுப்பா எனக்கு." சோபாக்காரருக்குக் காது மடல் சுட்டது.

"பாத்தீங்களா, இப்பவும் மழுப்புறாரு! ஒரு மனுஷன் சேத்துல நின்னு அள்ளுறான், நாம கரையில நின்னு வேடிக்கை பாக்குறோமேன்னு எனக்கே வெட்கமாப் போச்சு. கோட்டு எங்க வாங்கினீங்கன்னு கேட்டா வாயே திறக்கல. அப்புறம் நானே துணியைத் தேடிப் பிடிச்சு, ராவும் பகலும் உக்காந்து எல்லாருக்கும் தைச்சேன்."

சோபாக்காரருக்கு அந்தக் காலை இன்னும் கண்ணிலேயே நின்றது. இன்றோடு முடிந்தது, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், தெருவே ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தது. அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு நிறுத்துவது? வாரா வாரம் போனார். ஒவ்வொரு பாராட்டுக்கும் உடம்பு கூசியது. கூச்சத்தையும் அடக்கம் என்று சொல்லி அதையும் பாராட்டினார்கள்.

"என்னங்க, இன்னும் கோட்டுப் போடலையா?" மனைவி உள்ளே வந்தாள். "பொண்ணு முன் வரிசையில கேமராவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஆபீஸ்ல பாதிப் பேரைக் கூட்டிட்டு வந்திருக்கா."

"நீயாவது சொல்லேன். எனக்கு இந்தப் பரிசு வேண்டாம்."

"சும்மா இருங்க." தையல்காரர் கையிலிருந்த கோட்டை வாங்கி அவளே மாட்டிவிட்டாள். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். "கல்யாணமான நாள்லேர்ந்து உங்களைத் தன்னலம் பிடிச்ச மனுஷன்னு திட்டிக்கிட்டே இருந்தேன். நம்ம வீட்டு வாசலைத் தாண்டி ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்ல நீங்க. கால்வாய்ல உங்களைப் பாத்த அன்னைக்குத்தான், அடடா, நாம இந்த மனுஷனைப் புரிஞ்சுக்கவே இல்லையேன்னு அழுதேன்."

அவள் அவரை அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. கடை போனாலும் பரவாயில்லை, இந்தப் பார்வை போய்விடக் கூடாது என்று நினைத்தார். அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"வீட்டுல போய்ச் சொல்லுங்க. இப்ப நிமிந்து நில்லுங்க."

சோபாக்காரர் திரைச்சீலையை விலக்கி மேடையை எட்டிப் பார்த்தார். நடு நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி.

"மேயர்தானே வர்றதாச் சொன்னீங்க?" திரைச்சீலையைச் சட்டென்று விட்டார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையாம்ண்ணே. கடைசி நேரத்துல இந்தம்மாவைப் பிடிச்சிருக்காங்க. ஏதோ பெரிய பதவியாம். ஏன், தெரிஞ்சவங்களா?"

"ஒரு தடவை பாத்திருக்கேன்."

"அப்புறம் என்ன, ஆளு தெரிஞ்ச இடம்தான்!"

அவர் கோட்டின் பொத்தானைக் கழற்றக் கை வைத்தார். அதற்குள் ஒலிபெருக்கி குழுவைக் கூப்பிட்டுவிட்டது. தையல்காரர் முதுகைப் பிடித்துத் தள்ள, மற்றவர்கள் சூழ்ந்துகொள்ள, சோபாக்காரர் மேடையின் வெளிச்சத்தில் வந்து விழுந்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன் வரிசையில் மகள் எழுந்து நின்று விசிலடித்தாள். பக்கத்தில் போய் நின்ற மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கேடயத்தோடு எழுந்து வந்த அம்மாளின் சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆரஞ்சு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு சோபாக்காரரை மட்டும் பார்த்தார். அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

அந்த அம்மாள் அவர் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் சோபாக்காரர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று யாரோ நகர்த்தி வைத்திருந்த மைக், அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது:

"பழைய பஞ்சைக் கால்வாய்ல கொட்டினதுக்கு, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு அங்க குப்பை அள்ளணும்னு உங்க ஒருத்தருக்குத்தானே நான் கோர்ட்டுல தண்டனை குடுத்தேன்? இவங்கள்லாம் என்ன தப்புப் பண்ணாங்க?"