எட்டு சதவீதம் யாருடையது?

“என் உழைப்பு கோகுல்! தூக்கம் கெட்டு நான் போட்ட கணக்கு! பேரு மட்டும் அவங்க பேரு!”

மதுமதி போனைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த கோகுல் வாய் நுரையோடு எட்டிப் பார்த்தான்.

ஜெர்மன் டிவி ஒன்றின் இணையப் பக்கம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். ஒரு பெரிய மாநிலத்தில் முன்னணி வேட்பாளர் எத்தனை சதவீத வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று பல நிறுவனங்கள் கணித்துப் போட்டிருந்தன. எந்த மாநிலம், யார் வேட்பாளர் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். எவர் ஜெயித்தாலும் பிராங்பேர்ட்டில் வீட்டு வாடகை குறையப்போவதில்லை.

மதுமதியின் நிறுவனத்துக்கு நேராக ‘எட்டு’ என்று இருந்தது. பக்கத்தில், கணித்தவர்: கிருசாந்தி நவரத்தினம்.

நேற்று சாயங்காலம் அதே இடத்தில் மதுமதியின் பெயர் இருந்தது. அதைப் படம் பிடித்து மதுரைக்கு அனுப்பி, அவள் அப்பா தெருவுக்கே காட்டியாயிற்று.

“அக்கா அக்கான்னு உருகினியே, நல்லா வச்சாங்க பாரு ஆப்பு!” என்றான் கோகுல்.

“வெள்ளிக்கிழமையோட ப்ரொபேஷன் முடியுது. அதுவரைக்கும் காரணமே சொல்லாம வீட்டுக்கு அனுப்பலாம். இது என் பேர்ல இருந்தா கண்ணை மூடிட்டு கன்ஃபர்ம் பண்ணியிருப்பாங்க. வேலை போச்சுன்னா விசாவும் போச்சு.”

அவள் விசாவில்தான் கோகுலும் ஒட்டிக்கொண்டிருந்தான். அவசரமாக வாயைக் கொப்பளித்தான். “இன்னிக்கே பாஸ்கிட்ட சொல்லிடு!”

ரயிலில் இடம் இருந்தும் மதுமதியால் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்றபடி போனைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

ஆபீஸில் எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அமெரிக்காவில் வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. வித்தியாசம் எட்டு சதவீதத்தைத் தொட்டு நின்றது.

“சொன்னபடியே எட்டு! பிரமாதம் கிருசாந்தி!” என்று பக்கத்து மேசை மெலனி கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். மதுமதி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிருசாந்தி சிறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இந்த ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்டவள். கைதட்டலுக்குச் சிரிக்கக்கூடச் செய்யாமல் டீ போடப் போய்விட்டாள். மதுமதி பின்னாலேயே போனாள்.

“அடுத்தவ உழைப்புல கைதட்டல் வாங்குறது நல்லா இருக்கா அக்கா?”

கிருசாந்தி திடுக்கிட்டாள். “மதி, அவசரப்படாதேயும். தபால் வாக்கு இன்னும் எண்ணேல்ல. பிறகு கதைப்பம்.”

“பிறகு என்ன கதைக்கிறது? நான் ஜூலியன்கிட்ட போறேன்.”

“வேண்டாம், நான் சொல்லுறதைக் கேளும்.” கிருசாந்தி கையைப் பிடித்தாள்.

“திருடி மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் கையைப் பிடிப்பாங்க!” மதுமதி உதறிவிட்டு நடந்தாள்.

அவர்களுடைய மேலதிகாரி ஜூலியன் தன் அறையில் கணினியை வெறித்துக்கொண்டிருந்தான்.

“அந்தக் கணிப்பைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு...” என்று மதுமதி தொடங்கினாள்.

ஜூலியன் கையை உயர்த்தினான். தபால் வாக்குகள் வந்துகொண்டிருந்தன. எட்டு ஏழானது. ஏழு ஐந்தானது. அவள் நாற்காலியை இழுப்பதற்குள் மூன்று.

“என்ன இது?” அவன் கணக்கைத் திறந்து கீழே கீழே போனான். ஓரிடத்தில் விரலால் திரையைக் குத்தினான். “தபால் வாக்கில் முன்னணி வேட்பாளருக்கு ஐம்பத்து நான்கு சதவீதமா? நான் உங்கள் எல்லோருக்கும் அனுப்பிய குரல் செய்தியில் சொன்னது நாற்பத்தைந்து! கிருசாந்தி!”

மதுமதி அந்த எண்ணையே பார்த்தாள். ஜெர்மன்காரர்கள் நாற்பத்தைந்தை ‘ஐந்தும் நாற்பதும்’ என்று பின்னாலிருந்துதான் சொல்வார்கள். காது முதலில் ஐந்தைக் கேட்டது. விரலும் முதலில் ஐந்தைத்தான் தட்டியது. அவளுடைய விரல்.

கிருசாந்தி கதவருகே வந்து நின்றாள்.

“யார் இந்த எண்ணைப் போட்டது?”

“நான்தான். என் பெயரில்தானே இருக்கிறது.”

“பள்ளிக்கூடத்திலிருந்து இங்கேயே படித்த உனக்கு ஜெர்மன் எண் தெரியாதா? டிவிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?” ஜூலியன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். கிருசாந்தி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

மூச்சு வாங்கிய பிறகுதான் அவனுக்கு மதுமதியின் நினைவு வந்தது. “நீ கணிப்பைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாயே?”

மதுமதி வாயைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

“ஒண்ணுமில்ல.”

வெளியே நடைவழியில் அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “அக்கா, அதைப் போட்டது நான்தானே? உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நேற்று நீர் வீட்டை போனாப்பிறகு பாத்தனான். உடன டிவிக்காரருக்குப் போன் அடிச்சுச் சொன்னனான்.”

“அப்பவே மாத்தியிருக்கலாமே அக்கா!”

கிருசாந்தி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். “நேரம் முடிஞ்சுது, இலக்கத்தை மாத்த ஏலாது, வேணுமெண்டால் பேரை மாத்தலாம் எண்டு சொன்னவை.”