நாலு விரல் இடைவெளி

"கண்ணாடியை உடைக்கிறதா இருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். பத்திரமாத் திறக்கணும்," என்றாள் அந்த வீட்டுப் பெண்மணி.

மெக்கானிக் ஸ்பேனர், கொட்டகைக்குள் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஊரே ஸ்பேனர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது. அவரைவிட வயதான கார். இரண்டே இருக்கை, இரண்டிலும் ஆள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரமா உள்ள இருக்காங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும். அவசரமில்ல, நிதானமாப் பாருங்க. வலது பக்கம் எங்கண்ணன், இடது பக்கம் என் தம்பி. பேசிக்கிட்டு ஒன்பது வருஷமாச்சு."

அப்பா இறந்த மாதமே காரை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். அப்படியென்றால் எனக்கு அண்ணனே கிடையாது என்றார் தம்பி. அதோடு காரும் கொட்டகையை விட்டு நகரவில்லை, பேச்சும் நகரவில்லை. இரண்டு வீட்டு மனைவிகளும் பிள்ளைகளும்கூட அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காருக்குள் அப்பாவின் காகிதங்கள் ஏதோ கிடப்பதாக அவள் சொல்லியனுப்பியதால்தான் இன்றைக்கு இருவரும் வந்தார்கள். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் வெளியே நிற்கச் சம்மதிக்கவில்லை. இடது கதவு அப்பா காலத்திலேயே துருப்பிடித்து இறுகிப்போனது. எனவே, திறந்து கிடந்த வலது கதவு வழியாகத் தம்பி நகர்ந்து உட்கார, பின்னாலேயே ஏறிய அண்ணன் படாரென்று கதவைச் சாத்தினார். அதன் பிறகு அது திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியும் நாலு விரல் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

அந்த நாலு விரல் இடைவெளி வழியாக ஸ்பேனர் ஒரு டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் உள்ளே நீட்டினார். "சார், கதவோட உள்பக்க அட்டையைக் கழட்டணும். நீங்கதான் கழட்டணும்."

அண்ணன் தடவித் தடவிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. "பக்கத்துல இருக்கறவரைக் கழட்டச் சொல்லுங்க," என்றார்.

"டார்ச்சை நேராப் பிடிக்கச் சொல்லுங்க," என்றார் தம்பி.

ஸ்பேனர் இரண்டையும் அப்படியே ஒப்பித்தார். தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தி ஜன்னல் வழியாக வெளியே போய் உள்ளே வந்தது.

அண்ணன் மடியில் குப்புறக் கவிழ்ந்தால்தான் தம்பிக்குத் திருகு எட்டியது. நல்லவேளையாகத் திருகுகள் சண்டித்தனம் செய்யவில்லை. ஒன்பது வருஷம் கிடந்த கதவில் ஐந்தும் வெண்ணெயில் செருகி வைத்த மாதிரி கழன்று வந்தன. அந்தக் காலத்துத் திருகே திருகு என்று நினைத்துக்கொண்டார் ஸ்பேனர்.

"கைப்பிடியிலேருந்து பூட்டுக்கு ஒரு கம்பி போகும். தெரியுதா சார்?"

"தெரியுது. கழண்டு தொங்குது."

"அதைத் தூக்கிக் கொக்கியில மாட்டுங்க. கதவும் தொங்கிப் போயிருக்கு, நான் கீழேருந்து நெம்பறேன். ஒருத்தர் கம்பியை இழுக்கணும், ஒருத்தர் தோளால தள்ளணும். ரெண்டும் ஒரே சமயத்துல நடக்கணும்."

இவர் இழுத்தபோது அவர் தள்ளவில்லை. அவர் தள்ளியபோது இவர் இழுக்கவில்லை. மூன்றாவது தடவை கம்பி விருட்டென்று திரும்பித் தம்பியின் விரலைக் கவ்வியது.

"டேய், கையை எடுடா!" என்று அலறினார் அண்ணன்.

அவள் கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ரத்தம் வருதா? காட்டு."

"ஒண்ணுமில்ல."

"ஆறு வயசுல இதே கதவுலதான் நசுக்கிக்கிட்ட. அன்னிக்கு அப்பாகிட்ட நான் வாங்கின அடி இருக்கே!"

"சாத்தினது நீதானே அண்ணா?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று கேட்டால் ஸ்பேனரால் சொல்ல முடியாது. அவர் கதவுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை இழுப்பும் தள்ளலும் ஒன்றாகச் சேர, கதவு முனகிக்கொண்டே திறந்தது.

இருவரும் இறங்கவில்லை. கதவு திறந்துவிட்டதென்று ஸ்பேனர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அண்ணன் வெளியே வந்து, தம்பிக்குக் கை கொடுத்தார். "வாடா, விரலுக்கு மருந்து போடலாம். உன் பொண்ணு எத்தனாவது படிக்கறா?" பேசிக்கொண்டே இருவரும் வீட்டுக்குள் போனார்கள்.

ஸ்பேனர் மிச்ச வேலையை முடித்தார். கீலை இறுக்கி, கண்ணாடி ஓடும் பள்ளத்தைத் துடைத்துக் கிரீஸ் தடவினார். இப்போது ஒற்றை விரலால் தள்ளினால் கதவு சாத்திக்கொண்டது, தொட்டால் திறந்தது. கண்ணாடி அடிவரை வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது.

அவள் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள். "பிரமாதமாப் பண்ணியிருக்கீங்க."

"இனிமே பத்து வருஷத்துக்குச் சிக்காதும்மா," என்றார் ஸ்பேனர் பெருமையாக.

"ஐயையோ, அப்படி விட்டுட்டுப் போயிடாதீங்க. பழையபடி சிக்கற மாதிரியே பண்ணி வெச்சுட்டுப் போங்க."

ஸ்பேனர் திருதிருவென்று விழித்தார்.

அவள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை அண்ணியும் தம்பி பொண்டாட்டியும் வர்றாங்க."