சாயங்காலக் கறவை

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பெரிய தம்பி பேனாவை மேசையில் உருட்டிவிட்டான். அது உருண்டு வந்து அக்காவின் கையருகில் நின்றது.

சின்னத் தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் எந்தப் பக்கமோ அவனும் அந்தப் பக்கம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

வெளியே காரில் தரகர் காத்திருந்தார். நகரம் வளர்ந்து வளர்ந்து மாட்டுப்பண்ணையின் வேலி வரைக்கும் வந்துவிட்டது. ஏதோ ஒரு மாடியில் யாரோ காயப்போட்ட துணி, வைக்கோல் போரின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. வீடு கட்டி விற்கிறவர்கள் சொன்ன விலையைக் கேட்டுத் தரகருக்கே நாக்கு உலர்ந்துபோனது. ஆனால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும்.

"அவசரப்படாதக்கா. இன்னும் அஞ்சு வருஷம் பொறுத்தா விலை எங்கயோ போயிடும்."

"விலை போகும். நான் எங்கடா போறது?"

பெரியவன் பேச்சில் அப்பாவை இழுத்தான். அப்பா வேர்வை சிந்திய மண்ணாம். நகரத்தில் படுத்தால் தூக்கமே வருவதில்லையாம். காலையில் வந்து இறங்கி, மாடுகள் கத்துகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்ததாம்.

சொல்லும்போதே அவனுக்குக் குரல் கம்மியது. சின்னவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

கறக்கிற கை மாறினால் அந்த மாடுகள் பாலை விடாது. அப்பாவுக்குப் பிறகு அவள் கைக்குத்தான் விட்டன. அதனால் ஒரு ராத்திரிகூட அவள் வெளியே தங்கியதில்லை. சின்னவன் கல்யாணத்துக்குப் போனவள், சாப்பிடக்கூட உட்காராமல் ஓடிவந்தாள். கடல் இங்கிருந்து அரைநாள் பயணம். அவள் இன்னும் பார்த்ததில்லை.

அப்பா போனதும் நிலம் மூன்று பேருக்கும் பொதுவானது. மாடுகள் பேச்சு வந்தபோது தம்பிகள் தாராள மனசைக் காட்டினார்கள். சாணி அள்ளுகிற சொத்து யாருக்கு வேண்டும், எல்லாம் அக்காவுக்கே என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வெயில் ஜன்னலைத் தாண்டி மேசைக்கால் வரை வந்துவிட்டது. கறவை நேரம்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

நேரமாகிறதே என்று பெரியவன்தான் ஞாபகப்படுத்தினான். மாட்டின் மேல் அவனுக்கு அவ்வளவு கரிசனம்.

"இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போய்க் கறந்துட்டு வாங்க. அஞ்சு வருஷம் ஓட்டணுமில்ல, இப்பவே பழகிக்குங்க."

பெரியவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைக் கையை மடக்கினான். அடுப்பங்கரை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, இதென்ன பெரிய வித்தையா என்கிற நடையில் கிளம்பினான். சின்னவன் பின்னாலேயே போனான். காலையில் வந்ததிலிருந்து இருவரும் கூடத்தைத் தாண்டிக் கால் வைப்பது இப்போதுதான். போட்டிருந்த காலணி அப்படி, சாணி படக்கூடாது.

அக்கா பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். கதவுக்குப் பின்னால் வைத்திருந்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போடுகிறவன் போடட்டும், போடாதவன் வேலியைக் காத்துக்கொண்டு கிடக்கட்டும். சாயங்காலப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. தரகரே இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

படியிறங்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

தம்பிகள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டிருந்தார்கள். உள்ளே போகவில்லை. பெரியவன் கையிலிருந்து வாளி நழுவிச் சிமென்ட் தரையில் உருண்டது.

தரை கழுவிக் காய்ந்து கிடந்தது. மாடுகள் லாரியேறிப் போய் நாலு நாள் ஆகிறது.