சபரில் இருப்பவர்

தனியாக வந்த பையனைச் சேர்க்க முடியாது, பெரியவர் யாராவது வந்து பொறுப்பேற்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கையை விரித்துவிட்டார்.

சதக்கத்துல்லா அசையவில்லை.

வேதாளையிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, மண்டபத்தில் ரயிலைப் பிடித்து ராமநாதபுரம் வந்திருந்தான். நாலாம் பாரத்தில் சேராமல் ஊர் திரும்புவதில்லை என்பது அவன் எண்ணம். திரும்பினால் மாமாவின் சங்குக் கடைதான் கதி. பதின்மூன்று வயதுக்கு இந்தப் படிப்பு போதும் என்று சொல்லி, மருமகன் உட்காருவதற்கு ஒரு ஸ்டூலைக்கூட மாமா வாங்கிப் போட்டுவிட்டார்.

"உங்க வாப்பா எங்கேடா?"

"சபர்ல இருக்காக சார். கொழும்புல."

கடற்கரைப் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் துருவமாட்டார்கள். எந்த வீட்டை எடுத்தாலும் ஓர் ஆண் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போயிருப்பான். சபர் போனவர் வருகிறபோதுதான் வருவார். உம்மாவோ வாசற்படி தாண்டாத கோஷா. ஆகவே பையன் தன்னைத் தானே கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

எந்தப் பள்ளிக்கூடம், எந்த நாள் என்பதையெல்லாம் உம்மாதான் சொன்னாள். அதில் ஒரே பிடியாக நின்றாள். வெள்ளைத் தொப்பியைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தலையில் வைத்துவிட்டு, நம்ம ஆட்கள் யாராவது கட்டாயம் வருவார்கள், அதுவரை நின்று பார் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நின்றான். வெயில் வராந்தாவுக்குள் ஏறியது. அப்பாக்களும் சித்தப்பாக்களுமாக வந்து, பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று முகம் முகமாகப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த முதுகைக் கண்டான்.

இடது தோளைக் கொஞ்சம் தூக்கியபடி படியேறி உள்ளே போகிற முதுகு. மூன்று வருஷமாகக் கண்ணில் படாத முதுகு.

வாப்பா!

சதக்கத்துல்லாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரிக்கவில்லை. உம்மா எப்படியோ சொல்லி அனுப்பியிருக்கிறாள். கப்பலைவிட்டு இறங்கியதும் வாப்பா தனக்காகத்தான் நேரே இங்கே ஓடி வந்திருக்கிறார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே ஓடினான்.

அறை வாசலில் நின்றுவிட்டான்.

வாப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தபடி ஒரு பையன் நின்றான். இவனைவிட ஒரு சாண் குட்டை. இவனைப் போலவே கூட்டுப் புருவம்.

"வாப்பா, தண்ணி தவிக்குது" என்றான் அந்தப் பையன்.

ஹெட்மாஸ்டர் தகப்பனார் பெயரைக் கேட்டார். ஹமீது சுல்தான் என்று பதில் வந்தது. ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்றவனைக் கைகாட்டி, அதோ அவன் தகப்பன் பெயரும் இதுதான், கூட வர ஆளில்லாமல் காலையிலிருந்து நிற்கிறான் என்றார்.

வாப்பா திரும்பினார்.

முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. ஆனால் கொஞ்ச நேரம்தான். வியாபாரி அல்லவா, சமாளித்துக்கொண்டார்.

"எங்க பக்கத்துல இந்தப் பேரு சாஸ்தி சார். அந்தப் புள்ளைக்கும் நானே பொறுப்பு ஏத்துக்கிறேன்."

என்ன உறவு என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"உறவெல்லாம் இல்ல சார். தெரிஞ்ச வீட்டுப் புள்ள."

சதக்கத்துல்லாவுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்து நின்றது. அதைச் சொன்னால் பொறுப்பேற்க வந்தவர் எழுந்து போய்விடுவார். சங்குக் கடையில் அந்த ஸ்டூல் காத்துக்கிடக்கிறது. பெற்றவரே தன்னை ஊரார் பிள்ளையாக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லை விழுங்கினான்.

இடம் கிடைத்துவிட்டது.

வெளியே போகும்போது வாப்பா அவன் தொப்பிமேல் கையை வைக்க வந்து, என்ன நினைத்தாரோ, இழுத்துக்கொண்டார். சின்னவன் மட்டும் திரும்பிப் பார்த்து, நீங்களும் இங்கனதான் படிக்கப் போறீகளா அண்ணே என்று சிரித்தான். அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ரயிலில் வரும் வழியெல்லாம் சதக்கத்துல்லா ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தான். பனைக்குளத்துக்காரர் ஒருவர், பெயர் தெரியாது, நல்ல மனுஷர், அவர்தான் உதவினார். தன்னை என்ன செய்தாலும் போகட்டும், உம்மாவை வாப்பா இப்படி ஏமாற்றியிருக்கிறாரே என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை. விஷயம் தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

உம்மா கதவுக்குப் பின்னால் காத்து நின்றாள்.

சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். யார் வந்தது, யார் கையெழுத்துப் போட்டது என்று அவள் கேட்பாள், பனைக்குளத்துக்காரரைச் சொல்லிவிடலாம் என்று வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் அதைக் கேட்கவில்லை. அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"ஒடம்பு நல்லாருக்காகளா?" என்றாள்.