வருகைப் பதிவு

"போன வாரம் மூணு நாள் நீங்க டியூட்டிக்கு வரலைன்னு ஆப் காட்டுது. சஸ்பெண்ட் ஆர்டர் ரெடி. என்ன சொல்றீங்க?" என்றார் மேலதிகாரி.

கிராமத்துச் சுகாதார நிலையத்தில், வரிசையில் முன்னால் நின்ற குழந்தைக்கு நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். குழந்தையின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆப்புக்கு என்னய்யா தெரியும்? அந்த மூணு நாளும் ஊரே வாந்தி பேதியில கெடந்துச்சு. சிஸ்டர் இந்த இடத்தைவிட்டு அசையல. மத்த நாள்லதான் காலையில ஆளையே பிடிக்க முடியாது."

"மத்த நாளெல்லாம் காலையில ஒழுங்கா வருகை பதிவாகியிருக்கே?"

"இங்க சிக்னல் கிடையாது சார்," என்றாள் நர்ஸ். "அந்த மேட்டு மேல ஏறினாத்தான் பதிவாகும். போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அந்த மூணு நாள் இவங்களை விட்டுட்டுப் போக மனசு வரல."

மேலதிகாரி தன் போனை எடுத்து, ஆய்வுக்கு வந்ததைப் பதிவு செய்யப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் பதிவாகாவிட்டால் அவரும் அன்று வேலைக்கு வராதவர்தான்.

"மேட்டுக்கு எந்தப் பக்கம்மா போகணும்?"

"வாங்க சார், நானும் இன்னிக்கு இன்னும் வருகை போடல."

வரிசையில் நின்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.