‘இல்லை’ இருந்த இடம்

மனைவி எஸ்தர் இறந்த பிறகு, இருதயராஜ் தினமும் சாயங்காலம் கணினியில் அவள் படங்கள் இருந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட்டை அழுத்துவார். ‘நிச்சயமாக அழித்துவிடலாமா? திரும்பப் பெற முடியாது’ என்று அது கேட்கும். ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த மருமகன் ஜெரால்டு, “எதுக்கெடுத்தாலும் நிச்சயமா, நிச்சயமான்னு கேட்டு உயிர வாங்குது மாமா. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது” என்றான்.

“சரிங்க மாப்பிள்ளை.”

அவன் கிளம்பியதும் வழக்கம்போல உட்கார்ந்து டெலீட்டை அழுத்தினார். கணினி எதுவும் கேட்கவில்லை. ஃபோல்டர் இருந்த இடத்தில் வெறும் நீலம் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மவுஸை மெதுவாக நகர்த்தி, ‘இல்லை’ வழக்கமாக வரும் இடத்துக்கு அம்பைக் கொண்டுபோய், அங்கே ஒருமுறை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.