சண்டையை விட்ட பிறகு

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் குமுதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதிரே திருச்செல்வம் விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பதினேழு வருடம் கம்பிக் கூண்டுக்குள் பந்தயச் சண்டை போட்ட மனிதர். இப்போது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து, சண்டையை விட்டுடுங்கன்னு போன மாசமே சொன்னேனா இல்லையா?”

“அன்னிக்கே விட்டுட்டேன் டாக்டர். க்ளவுஸைக்கூட யாருக்கோ குடுத்துட்டேன்.”

“அப்ப கையில இந்தப் பல் தடம்? கூண்டுலகூட கடிக்க விடமாட்டாங்களே!”

“நேத்து நாப்பது அம்பது பேரு டாக்டர். முன்னாடி நின்னவங்களைத் தடுக்கறதுக்குள்ள, பின்னாடியிருந்து ஹேண்ட்பேக்கால ஒரு போடு.”

டாக்டர் போனை எடுத்தார். “கேங் சண்டையா? போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்.”

“ஐயோ, வேணாம் டாக்டர்! எல்லாம் வீட்டுக்காரம்மா சொந்தம். கடிச்சது அவங்க சித்தி.”

“என்னது?”

“கிள்ளான்ல மச்சினன் கல்யாணம். உடம்பு அலுங்காத வேலைன்னு என்னைச் சாப்பாட்டு ஹால் கதவுகிட்ட நிக்க வச்சாங்க. ‘முதல் பந்தி ஃபுல், அடுத்த பந்திக்கு வெயிட் பண்ணுங்க லா’ன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

டாக்டர் போனைக் கீழே வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். “எத்தனை நாளைக்கு மெடிக்கல் லீவு, எம்.சி. வேணும்?”

“எம்.சி. வேணாம் டாக்டர். அடுத்த வாரம் மச்சினிக்குக் கல்யாணம். அதுக்குள்ள, நான் மறுபடி சண்டை போடலாம்னு ஒரு லெட்டர் குடுங்க. கூண்டுல நடுவுல ஒரு ரெஃபரியாவது இருப்பாரு.”